ஓரத் துண்டுகள்

அத்தியாயம் பதினேழு

காலையில் முதல் போன் வந்தபோது வீராயி வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள். எடுத்தது மகள் உதயா. இரண்டு வார்த்தை ஹிந்தியில் பேசியவள் அப்புறம், "ஜீ ஆன்ட்டி... ஜீ..." என்று மட்டும் சொல்லிக்கொண்டே சுவரோடு சாய்ந்தாள். வீராயியின் கை அந்தரத்தில் நின்றது. நல்ல சேதி கேட்கிறவர்கள் சுவரைத் தேடுவதில்லை.

போனை வைத்த உதயா அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அடுக்குமாடி சொசைட்டியிலிருந்து சபர்வால் ஆன்ட்டி. அவருடைய மாமனார் பாபுஜி நவராத்திரி விரதம் இருப்பவர். நேற்று சாயங்காலம் அவர் சாப்பிட்டது கொஞ்சம் பழமும் நம்முடைய கேக்கும்தான். ராத்திரி முழுக்க வாந்தி, கை கால் நடுக்கம். விடியுமுன்னே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். கேக்கில் என்ன மாவு போட்டீர்கள் என்று டாக்டர் கேட்கிறாராம்.

வீராயி வெல்லத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

பாப்பா ரூமின் கதை வாரா வாரம் கூடவே வருகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காக நாலு வரி. டெல்லி துவாரகாவின் உயர்ந்த சொசைட்டிகளுக்குப் பின்னால், நாலா என்கிற பெரிய சாக்கடையைத் தாண்டி ஒரு குடியிருப்பு. தகரக் கூரை, செங்கல் சுவர். கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் நிறைய. ஆண்கள் கட்டட வேலைக்கும் பெண்கள் சொசைட்டி வீடுகளில் சமைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் போவார்கள். கைக்குழந்தை இருந்தால் வீட்டுக்குள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போவார்கள். உதயாவை அப்படிப் பூட்டிவிட்டுப் போனவள்தான் வீராயியும். கணவன் செத்த பிறகு அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அவள் சமைத்த வீட்டு வைதேஹியம்மா பெங்களூருக்கு மாற்றலாகிப் போகும்போது கேக் செய்யக் கற்றுக்கொடுத்து, அடுப்பையும் விட்டுப் போனார். அந்த அடுப்பை வைத்து வீராயி இரண்டு அறை பிடித்தாள். பின்னறையில் கேக் வேகும். முன்னறையில் குழந்தைகள் தூங்கும், அதுதான் பாப்பா ரூம். கேக்கில் வருவது வாடகைக்கும் பாலுக்கும் முட்டைக்கும் போகும். பிள்ளையை விடுகிற தாய் யாரும் ஒரு பைசா தர வேண்டாம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது தம்பி பெண்டாட்டி அகல்யா. கேக் பெட்டிகளை பேட்டரி ரிக்‌ஷாவில் கொண்டுபோய்க் கொடுப்பது தம்பி மதியழகன். போனும் ஆர்டரும் உதயா.

போன வாரம்தான் முதல் பெரிய ஆர்டர் வந்தது. நவராத்திரி விரதத்துக்குக் கோதுமை ஆகாது. குட்டு என்று ஒரு தானிய மாவு இருக்கிறது, பழுப்பு நிறத்தில். அதில்தான் விரதக்காரர்கள் பூரி சுடுவார்கள். அந்த மாவில் கேக் கேட்டு ஒரே சொசைட்டியிலிருந்து எட்டு வீடு. நேற்றுச் செய்து, நேற்றே போய்ச் சேர்ந்தது.

இன்று காலை இந்தப் போன்.

பெட்டி ஏற்ற வந்த மதியழகன் விஷயத்தைக் கேட்டுவிட்டு டீயைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"சீல் பாக்கெட்டு மாவுதானே வாங்கினோம்? கவர போட்டோ எடுத்து அனுப்பு உதயா. அதோட பேச்சு முடிஞ்சுது."

குப்பைக் கூடையிலிருந்து கவரை எடுத்துத் துடைத்து, தேதி தெரியும்படி படம் பிடித்து, புது மாவுதான் ஆன்ட்டி என்று எழுதி அனுப்பினாள் உதயா. வீராயிக்கு மூச்சு வந்தது. பாவம், வயசான மனிதர், வெறும் வயிறு, வேறு எதையாவது தின்றிருப்பார். உண்மை நம் பக்கம் இருக்கிறது. அப்படி நினைத்துக்கொண்டு திரும்பினால் வாசல்படியில் அகல்யா. இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது, அவளுக்கு அது தெரியவே இல்லை.

"அண்ணி, அந்த போட்டோவ அனுப்பியாச்சா?"

"அனுப்பியாச்சு. ஏன்?"

அகல்யா உதட்டைக் கடித்தாள். "கடசி ரெண்டு தட்டுக்கு மாவு பத்தல அண்ணி. நீங்க பெட்டி வாங்கப் போயிருந்தீங்க. நாந்தான் அந்த டப்பாவுல இருந்தத எடுத்துப் போட்டேன்."

எந்த டப்பா என்று வீராயி கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்த ஊரில் வருஷத்துக்கு இரண்டு நவராத்திரி. வெயில் தொடங்குகிற சமயத்து நவராத்திரி முடிந்ததும் ஒரு வீட்டம்மா மிச்சமான குட்டு மாவைக் குழந்தைகளுக்குக் கஞ்சி வைக்கச் சொல்லிக் கொடுத்தார். வீராயி அதை இரும்புச் சட்டியில் போட்டு, கேழ்வரகு மாவை வறுக்கிற மாதிரியே கை பொறுக்கிற சூட்டில் வறுத்து, ஆறவைத்து, தகர டப்பாவில் அமுக்கி மூடினாள். வறுத்த மாவு வருஷத்துக்கும் கெடாது என்று அகல்யாவிடம் சொன்னவளும் அவள்தான். கஞ்சி கசந்தது, குழந்தைகள் துப்பிவிட்டன. டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று. தகரக் கூரைக்கு ஒரு முழம் கீழே, டெல்லியின் முழு வெயிலையும் அது அங்கேயே குடித்தது.

"வாசன ஒரு மாதிரிதான் இருந்துச்சு," என்றாள் அகல்யா. "நாக்குல வெச்சுப் பாத்தேன், கசந்துச்சு. குட்டுன்னா இப்பிடித்தான் போலன்னு வெல்லம் கூடப் போட்டேன்."

அவர்கள் யாருமே ஒருநாளும் குட்டு சாப்பிட்டவர்கள் இல்லை. நல்ல குட்டு எப்படி இருக்கும், கெட்ட குட்டு எப்படி இருக்கும் என்று அந்தக் குடும்பத்தில் ஒரு நாக்குக்கும் தெரியாது.

மளிகைக்கடை ஆரிப் பாய்க்கு உதயா போன் போட்டாள். யாரோ கேட்டதாகச் சொல்லி விசாரித்தாள். பழைய குட்டா, அதைத் தொடவே கூடாது மகளே, ஒரு மாசம் தாண்டினாலே விஷம் மாதிரி, வருஷா வருஷம் நவராத்திரியில் இதைத் தின்றுவிட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்களே, டெல்லியில் இது தெரியாதவர்கள் உண்டா என்று அவர் சிரித்தாராம்.

இருபது வருஷமாக டெல்லியில் இருக்கிறாள் வீராயி. தெரியாது.

"எட்டு வீட்டுக்கும் சொல்லணும்," என்றாள் மெதுவாக.

மதியழகன் கதவைச் சாத்தினான். குரலை உயர்த்தாமல், ஆனால் இடைவெளி விடாமல் பேசினான். ஒரு வீட்டில் கிழவருக்கு முடியவில்லை, மற்ற ஏழு வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாமே போய்ச் சொன்னால் நாமே விஷம் வைத்தோம் என்று ஆகும். போலீஸ் வரும். ரூமுக்கு சீல் விழும். மாவு போட்டது அகல்யா, அவளைத்தான் முதலில் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்புறம் அவன் நிறுத்தி, அக்காவின் கண்ணைப் பார்த்தான்.

"அது மட்டுந்தானா அக்கா? அந்த கேட்டுக்குள்ள நம்ம பொம்பளைங்க எத்தன பேரு வேலைக்குப் போறாங்க? நாளைக்கு ஒருத்தியயும் உள்ள விட மாட்டான். மெட்ராஸி கையால தண்ணி கூட வாங்காதன்னுடுவான்."

வீராயி முன்னறைப் பக்கம் பார்த்தாள். சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு வாண்டு தரையில் டம்ளரைத் தட்டிக்கொண்டிருந்தது. இந்த ரூம் இல்லையென்றால் நாளைக்கே அத்தனை வீட்டுக் கதவிலும் பூட்டுத் தொங்கும். உதயாவைப் பூட்டிவிட்டுப் போன நாட்களில், தூக்கத்தில் கூட அந்தப் பூட்டின் சத்தம் அவளுக்குக் கேட்கும்.

"சரி," என்றாள் வீராயி.

உதயா மட்டும், "அம்மா, யாராச்சும் இன்னும் சாப்பிடாம வெச்சிருந்தா?" என்றாள். அகல்யா அழத் தொடங்கினாள், சத்தமில்லாமல்.

பெண்டாட்டி அழுவதைப் பார்க்க மதியழகனுக்குப் பொறுக்கவில்லை. "ஏய், சும்மாரு. நானே நேத்து ஓரத் துண்டு ரெண்டு தின்னேன். எனக்கு என்னா ஆயிடுச்சு? மாடு மாதிரி நிக்கிறேன் பாரு."

அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னான்.

வீராயி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

சொசைட்டிக்காரர்களுக்குக் கேக் அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்க வேண்டும். வெந்த தட்டைக் கவிழ்த்து நாலு பக்கமும் ஓரத்தை நறுக்கி எடுத்துவிட்டுத்தான் துண்டு போடுவாள் வீராயி. அந்த ஓரங்களை என்றைக்கும் வீணாக்கியதில்லை. எவர்சில்வர் தட்டில் போட்டு முன்னறை வாசலில் வைத்துவிடுவார்கள். சாயங்காலம் வேலை முடிந்து பிள்ளையைத் தூக்க வருகிற ஒவ்வொருத்தியும் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போவாள். சொசைட்டி வீட்டு மேஜையில் என்ன இருக்கிறதோ அது என் பிள்ளை வாயிலும் இருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து வீராயி ஓரத்தைக் கொஞ்சம் தடிமனாகவே நறுக்குவாள்.

"நீ எப்படா தின்ன?"

"மத்தியானம். முதல் தட்டு எறக்கினப்ப."

"சாயங்காலம் வாசல்ல வெச்சது எந்தத் தட்டு ஓரம் அகல்யா?"

அகல்யா வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசித் தட்டுகளின் ஓரம்.

வீராயி கதவைத் திறந்துகொண்டு முன்னறைக்கு ஓடினாள். ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கிப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள், வயிற்றைத் தொட்டாள், நெற்றியில் புறங்கையை வைத்தாள். அவள் பிடித்த பிடியில் இரண்டு குழந்தைகள் வீரிட்டன. அழுகிறது, நல்லது, அழட்டும். நேற்று பெரும்பாலும் தாய்மார்தான் தின்றார்கள், பிள்ளைகள் கசப்பென்று துப்பிவிட்டன என்றாள் அகல்யா. அப்புறம் அவளே அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"அக்ஷய் வரல."

மஞ்சுவின் மகன். இரண்டரை வயசு. எதைக் கொடுத்தாலும் தின்பான், மிச்சம் கேட்பான். நேற்று தட்டருகே உட்கார்ந்து மூன்று துண்டு தின்றவன் அவன்தான். மஞ்சு வேலைக்கு லீவு போட்டிருப்பாள் என்று அகல்யா நினைத்திருந்தாள்.

சந்து திரும்பி மூன்றாவது வீடு. கதவில் பூட்டு. வீராயி பூட்டைப் பிடித்து ஆட்டினாள், உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும் கதவில் காதை வைத்தாள். பக்கத்து வீட்டுத் தங்கம் குழாயடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மஞ்சுவயா தேடறீங்க? விடியறப்பவே ஆட்டோவுல போயிட்டா. புள்ளைக்கு கண்ணு செருகிக்கிச்சு. அவ புருஷன் குர்காவ் சைட்டுல இருக்கான், போனு போவல."

அரசு ஆஸ்பத்திரிக்கு மதியழகன் ரிக்‌ஷாவை ஓட்டினான். அகல்யாவைக் குழந்தைகளோடு விட்டுவிட்டு உதயாவும் கூட வந்தாள். தங்கத்திடம் ஒன்றும் சொல்லாமல் வந்தாயிற்று. அதுவும் ஒரு பாரமாக ஏறிக்கொண்டது. சொசைட்டி கேட்டைத் தாண்டும்போது வாட்ச்மேன் கை காட்டினான். எப்போதும் காட்டுகிற கை. வீராயி முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். நடுக்கமாம், வாந்தியாம், அறுபது எழுபது கிலோ உள்ள மனிதருக்கே அப்படியென்றால். கணக்கு அதற்கு மேல் ஓடவில்லை. ஓட விடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

எமர்ஜென்சி வாசலில் சீட்டு வாங்கும் வரிசைக்கு உதயா போனாள். ரிக்‌ஷாவை நிறுத்த மதியழகன் போனான். வீராயி தனியாக உள்ளே நுழைந்தாள்.

மஞ்சு ஒரு கட்டிலின் ஓரத்தில் நின்றாள். கல்யாணமாகி டெல்லிக்கு வந்து மூன்று வருஷம்தான், ஹிந்தி கடைக்குப் போதும், ஆஸ்பத்திரிக்குப் போதாது. வீராயியைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா அக்கா. இவங்க என்னென்னமோ கேக்கறாங்க, எனக்கு ஒண்ணும் புரியல."

கட்டிலில் அக்ஷய் கிடந்தான். கையில் ஊசி, மேலே பாட்டில். உதடு வெளுத்திருந்தது. விட்டு விட்டு அவன் கால் தானாக உதறிக்கொண்டது.

இளம் டாக்டர் ஒருவர் வந்தார். தூங்காத முகம். அம்மா, உங்களுக்கு ஹிந்தி தெரியுமா, அப்பாடா என்றார். குழந்தை நேற்று மத்தியானத்திலிருந்து என்ன சாப்பிட்டான், ஒன்று விடாமல் கேட்டுச் சொல்லுங்கள், காய்ச்சலும் இல்லை, எதனால் என்று பிடிபடவில்லை என்றார்.

வீராயி தமிழில் கேட்டாள். மஞ்சு விரல் மடக்காமல், அவசரமாகச் சொன்னாள்.

"மத்தியானம் பாப்பா ரூம்ல பருப்பு சோறு. ராத்திரி ரசஞ்சோறு ரெண்டு வாய். நடுவுல உங்க கேக்கு. அது ஒண்ணும் பண்ணாது அக்கா, அத வுட்டுடுங்க. அது உங்க கையால செஞ்சது."

டாக்டர் வீராயியின் வாயைப் பார்த்தார். பேனா தயாராக இருந்தது.

பருப்பு சோறு, ரசம் சோறு. இந்த இரண்டையும் ஹிந்தியில் சொன்னால் போதும். மஞ்சுவுக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியாது. அந்தக் கேக்கை விட்டுவிடு என்று பெற்றவளே சொல்லியாயிற்று. வீராயி பருப்பு சோற்றைச் சொன்னாள். ரசம் சோற்றைச் சொன்னாள். டாக்டர் எழுதினார். "வேறே?" என்றார்.

கட்டிலில் அந்தச் சின்னக் கால் மறுபடி உதறியது. மஞ்சுவின் இரண்டு கையும் அவள் கையைச் சுற்றி ஈரமாக இருந்தன.

"கேக்," என்றாள். அப்புறம் ஹிந்தியில் மளமளவென்று வந்தது. குட்டு மாவுக் கேக், நான் செய்தது, மாவு பழசு, போன நவராத்திரியின் மாவு, ஒரு கோடை முழுக்கத் தகரத்துக்கு அடியில் இருந்தது, கசந்தது, வெல்லம் போட்டு மறைத்துவிட்டோம்.

டாக்டரின் முகம் மாறியது. இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கத்தவில்லை, அதற்கு நேரமில்லை. நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ ஊசிப் பெயர் சொன்னார். இன்னும் யார் யார் சாப்பிட்டார்கள் என்று கேட்டார். எல்லாருக்கும் சொல்லுங்கள், முடியாதவர்கள் உடனே வரட்டும், மிச்சமிருப்பதை யாரும் தொடக்கூடாது. குழந்தையைப் பற்றி வீராயி கேட்டதற்கு, சாயங்காலம் வரைக்கும் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மஞ்சுவுக்கு அந்தப் பேச்சில் இரண்டே வார்த்தை பிடிபட்டிருந்தது. கேக், குட்டு.

"கேக்குன்னு ஏன் சொல்றீங்க அக்கா?"

வீராயி தமிழில் இன்னொரு தரம் சொன்னாள். தமிழில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

மஞ்சு அடிக்கவில்லை, ஏசவில்லை. கேட்டு முடிக்கிற வரைக்கும் வீராயியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தன் கைகளை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு, கட்டிலின் அந்தப் பக்கம் போய் நின்றாள்.

வெளியே தாழ்வாரத்தில் உதயா சீட்டோடு வந்தாள். பின்னால் மதியழகன். வீராயி முதலில் அகல்யாவுக்குப் போன் போடச் சொன்னாள். தங்கத்தைக் கூட்டிக்கொண்டு ஓரம் தின்ற வீடு ஒவ்வொன்றுக்கும் போக வேண்டும், ஒன்றையும் மறைக்க வேண்டாம், யாருக்காவது முடியவில்லையென்றால் உடனே இங்கே அனுப்ப வேண்டும். அதைச் சொல்லி முடித்ததும் மகள் பக்கம் கையை நீட்டினாள்.

"அந்த எட்டு வீட்டுக்கும் நானே பேசறேன். ரெக்கார்டு போடு."

"அக்கா, கொஞ்சம் யோசிச்சுக்க," என்றான் மதியழகன். குரலில் காலையிலிருந்த வேகம் இல்லை.

"யோசிச்சதுலயே அந்தப் புள்ளைக்கு பாதி நாளு போயிடுச்சுடா."

வீட்டு வேலைக்காரியின் ஹிந்திதான் அவளுக்குத் தெரியும். அந்த ஹிந்தியிலேயே பேசினாள். காலையில் வந்த படம் நிஜம், ஆனால் மாவு முழுக்க அந்தப் பாக்கெட்டு இல்லை. கெட்டுப்போன மாவு கலந்துவிட்டது. மிச்சம் இருந்தால் எறியுங்கள். சாப்பிட்டவர்கள் டாக்டரிடம் போங்கள், குட்டு என்று சொல்லுங்கள். அதை வறுத்து வைத்தவள் நான், பெயர் வீராயி. வேறு யார் பெயரையும் அவள் சொல்லவில்லை. மதியழகன் தலையைக் குனிந்துகொண்டான்.

உதயா அனுப்பினாள். மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு வீடு கேட்டுவிட்டது. இன்னொரு வீடு. முதல் பதில் வசவாக வந்தது. இரண்டாவது, இப்போதுதான் குழந்தைகளுக்குத் தட்டில் வைத்தேன், எடுத்துவிட்டேன் என்று வந்தது.

மூன்றாவது பதில் வருமுன் போன் அடித்தது. சபர்வால் ஆன்ட்டி.

"நான் பேசட்டுமா அம்மா?" என்றாள் உதயா. வீராயி போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, வீராயி பேசறேன்," என்றாள் ஹிந்தியில். "பாபுஜி எப்படி இருக்கார்?"

அந்தப் பக்கம் தூரத்தில் யாரோ அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.